பெட்டியை நம்பாதவர்

கையில் கேமரா இருந்தால் பயம் வராது என்று நான் நம்பியிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சும்மா நம்பவில்லை. கல்யாண வீட்டில் பெண்ணை அனுப்பிவைக்கும்போது மண்டபமே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும். போட்டோகிராபர் மட்டும், "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி அழுங்க" என்பார். பந்திப்பூர் சாலையில் ஒருமுறை யானை எங்கள் வேனைப் பார்த்து நடந்து வந்தபோது எல்லோரும் சீட்டுக்கடியில் இடம் தேடினோம். கேமரா வைத்திருந்தவர் மட்டும் யானை இன்னும் கொஞ்சம் கிட்டே வராதா என்று வருத்தப்பட்டார். ஆகவே கேமராவுக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் இன்னொருவர் விவகாரம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இந்த ஞானம் எனக்குத் தேவைப்பட்டது என் மனைவியால். ஐம்பது வயது நெருங்கிய ஒரு மாலையில் அவள் சொன்னாள்: "எனக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம். கடலுக்கு அடியில போய் ஒருதடவை பாக்கணும். ரெண்டு பேரும்."

முதல் பாதி வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. அவள் மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், சின்ன வயதிலேயே நீச்சல் கற்றவள், மீன் மாதிரி போவாள். எனக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு வாளி, மக் அளவோடு நின்றது. அந்த "ரெண்டு பேரும்" என்ற இடத்தில்தான் சிக்கல். முகத்தை மட்டும் சாந்தமாக வைத்துக்கொண்டு, "போகலாமே. ஆனா அதுக்கு நல்ல கேமரா வேணும். படம் இல்லாம அவ்வளவு தூரம் போறது வேஸ்ட்" என்றேன். கணக்கு சுலபம். கேமரா கிடைத்தால் பயம் போய்விடும். கிடைக்கும்வரை பயணம் தள்ளிப்போகும். எப்படியும் நான் ஜெயிப்பேன். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை எதிர் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். இவர் கையில் கொடுத்தால் எந்தக் கேமராவும் தேறாது என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

எதிர் வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். தீப்பிடித்த கடை, கவிழ்ந்த லாரியெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இவருடைய துறை தண்ணீர். மைசூரிலும் சாமராஜநகர் பக்கத்திலும் எந்தக் குடோனில் மழைநீர் புகுந்தாலும், எந்த மோட்டாருக்குள் ஈரம் போனாலும், டார்ச் விளக்கோடு போய் நிற்பார். தண்ணீர் எந்த வழியாக வந்தது, கதவைத் திறந்து வைத்தது யார், இப்போது ஏன் மாற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்து எழுதுவது அவர் தொழில். தனியாக இருந்தார். மகளுக்கு ஓசூரில் வேலை. இப்போது அவரும் அங்கேதான். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், இங்கே எழுதியிருப்பதற்கெல்லாம் ஆதாரம் எங்கே என்று ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார்.

நான் அட்டைப்பெட்டி அச்சடிக்கிறவன். மைசூரில் ஊதுபத்தி இருக்கும்வரை எனக்குச் சோறு உண்டு. ஆக, பெட்டியில் போட்டிருப்பதை நம்பாத ஒருவரும், பெட்டியில் போடுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவரும் எதிரெதிர் கதவில் குடியிருந்தோம். அவர் முதல்முறை காபிக்கு வந்தபோது மேஜைமேல் என் புதிய பெட்டி ஒன்று கிடந்தது. எடுத்து ஆறு பக்கமும் படித்தார்.

"நூறு சதவீதம் சந்தனம்னு போட்டிருக்கே. யார் சார் போட்டது?"

"நான்தான். நம்ம பிரஸ்ல."

"சந்தனத்தைப் பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? அவங்க எழுதிக் குடுக்கறதை அடிச்சுக் குடுக்கறேன்."

"பாக்காமயே தங்க எழுத்துல போட்டுட்டீங்க."

தங்க எழுத்துக்கு ரேட் தனி என்று நான் விளக்கினேன். அவர் பெட்டியை வைத்துவிட்டுக் காபித் தம்ளரை முகர்ந்து பார்த்தார். வந்த முதல் நாளே என் வீட்டுக் காபியில் சிக்கரி எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போனவரைப் பற்றி எனக்கு என்ன நல்லெண்ணம் வந்திருக்கும்?

அவரோடு கடைக்குப் போவது அதைவிடக் கொடுமை. தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையில், சிந்தவே சிந்தாது என்று ஸ்டிக்கர் ஒட்டிய டிபன் டப்பாவைப் பார்த்தார். பக்கத்துப் பூக்காரம்மாவிடம் பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு வாங்கி, டப்பாவில் ஊற்றி, மூடி, கல்லாப்பெட்டிக்கு நேர் மேலே தலைகீழாகப் பிடித்தார். கடைக்காரர் எழுந்தே விட்டார்.

"சார், இது சாம்பார் டப்பா. கப்பல் இல்ல."

"சிந்தாதுன்னு ஒட்டியிருக்கு."

"நான் ஒட்டல சார். கம்பெனி ஒட்டினது."

"கம்பெனி இங்க இல்லயே. நீங்கதான் இருக்கீங்க."

மூடியின் ஓரத்தில் ஒரு சொட்டு சேர்ந்தது, கொஞ்சம் யோசித்தது, நோட்டுக் கட்டின் மேல் விழுந்தது. "சுள்ளு" என்றார். பொய் என்பதற்குக் கன்னடச் சொல். தமிழர்தான், ஆனால் மைசூரில் பிறந்து வளர்ந்ததால் கோபம் மட்டும் கன்னடத்தில் வரும். அவரிடம் இன்னொரு கன்னடச் சொல்லும் இருந்தது: "பேடா." வேண்டாம் என்று அர்த்தம். பிற்பாடு அந்தச் சொல் என் தூக்கத்தில் எல்லாம் வந்தது.

சரி, பொருளை நம்பாதவர், மனிதர்களிடமாவது கொஞ்சம் விட்டுக்கொடுப்பார் என்று நினைத்தோம். ஒரு மழைக்காலத்தில் எங்கள் அடுக்குமாடியின் அடித்தளத்தில் தண்ணீர் ஏறி கார்கள் எல்லாம் கழுத்தளவு நின்றன. தண்ணீர் வடிந்ததும் என்ன செய்வோம்? ஆளாளுக்குச் சாவியைப் போட்டுத் திருகினோம். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் அது உள்ளே உடையும், அப்படி உடைந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. கம்பெனியிலிருந்து ஒரு சர்வேயர் வந்து கேட்டபோது மாடி மாடியாக எல்லோரும் ஒரே குரலில், தொடவே இல்லை என்றோம். வந்தவர் தொழில் மரியாதைக்காக எதிர் வீட்டுக்காரரையும் கேட்டார்.

"எல்லாருமே ஸ்டார்ட் பண்ணாங்க" என்றார் இவர். "நான் பால்கனியில நின்னு கேட்டேன்." பிறகு என்னைக் காட்டி, "இவர் பல தடவை பண்ணார். ஒவ்வொரு தடவையும் சாமி பேரைச் சொல்லிட்டுப் பண்ணார்."

என் முகத்துக்கு நேரே. அதுவும் சாமி பேர் வரைக்கும். அப்புறம் லிஃப்டில் என்னைப் பார்த்து, "கார் எப்படி சார் இருக்கு?" என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார். அந்தக் கட்டடத்தில் யாரும் அவரோடு பேசவில்லை. நான் மட்டும் பேசினேன். எங்கள் கதவுகள் எதிரெதிரே. லிஃப்டும் மெதுவாக வரும். எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது?

கேமரா தேடல் நான் போட்ட திட்டப்படியே ஆரம்பித்தது. முதலில் செல்போனைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பையைக் காட்டினேன். குறைந்த விலை, நிறைந்த மனது.

"பேடா. தண்ணிக்குள்ள போன் ஸ்க்ரீன் விரலுக்கு வேலை செய்யாது. பிளாஸ்டிக் ஸ்க்ரீன்ல ஒட்டிக்கும். அதுவா யாருக்காவது போன் பண்ணும்."

"கடலுக்கடியிலிருந்தா?"

"உங்க ஆபீஸ் ஆளுக்குப் பண்ணும். சிக்னல்தான் இருக்காது."

அடுத்தது, தண்ணீருக்கென்றே செய்த சின்னக் கேமரா. கடையில் பார்த்தோம். பெட்டியில் பதினைந்து மீட்டர் என்று பெரிதாக, நீல நிறத்தில், மேலே ஒரு கோட் வார்னிஷ் அடித்து அச்சிட்டிருந்தார்கள். நல்ல வேலை. நான் அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே இருந்த வாரண்டித் தாளை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் காது மடல் சிவந்தது.

"அம்மா, இது தண்ணிக்குள்ள போற கேமராதானே?" என்றார் கடையில் நின்ற பெண்ணிடம்.

"ஆமா சார். பதினைஞ்சு மீட்டர் வரைக்கும்."

"தண்ணி உள்ள போனா வாரண்டி உண்டா?"

"தண்ணி டேமேஜுக்கு வாரண்டி கிடையாது சார்."

"ஏன்?"

"தண்ணி போகாதே சார்."

"போகாதுன்னா ஏன் கிடையாது?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவர் குரல் ஏறியது. "குடை விக்கறாங்க. மழையில நனைஞ்சா நாங்க பொறுப்பில்லங்கறாங்க. இதை யாரும் கேக்க மாட்டாங்களா? இத்தனை சின்ன எழுத்துல யார்மா அடிச்சது?"

சின்ன எழுத்தில் அடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அன்றைக்கு எனக்கும் கோபம் வந்தது. பெரிய எழுத்தில் கடலுக்குள் அனுப்பிவிட்டு, சின்ன எழுத்தில் கரையேறிக்கொள்ளும் இந்த சாமர்த்தியத்துக்கு நானும் எத்தனை அச்சுப் பிளேட் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது அந்தக் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

மூன்றாவதாக, பைக் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டில் மாட்டிக்கொள்கிற அந்தச் சதுரக் கேமரா. அப்படியே இறங்கினால் பத்து மீட்டர். மேலே தனியாகக் கெட்டிக் கண்ணாடிக் கூடு போட்டால் நாற்பது மீட்டர். கூடு வாங்கினால் சிவப்புக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி இருந்தால் பிடிக்கக் கைப்பிடி வேண்டும். நழுவினால் மிதக்க மிதவை வேண்டும். போகப் போக இருட்டு, ஆகவே விளக்கு வேண்டும். கேமராவைவிட அதன் சீர்வரிசை பெரிதாகிவிட்டது.

"சிவப்புக் கண்ணாடி எதுக்கு?" என்று கேட்டேன்.

"கீழ போனா சிவப்பு நிறம் தெரியாது சார். தண்ணி முதல்ல சிவப்பைத்தான் விழுங்கும்."

மெஜந்தா என்கிற சிவப்பு மை இல்லாத உலகம். அச்சுக்காரனுக்கு அதைவிட நரகம் எது? "கையில அடிபட்டு ரத்தம் வந்தா?"

"பச்சையாத் தெரியும்."

இதை அவர், பக்கத்துக் கடையில் தக்காளி என்ன விலை என்பதுபோலச் சொன்னார். அன்று முழுக்க எனக்குப் பச்சை நிறத்தில் எதுவும் இறங்கவில்லை. வீட்டில் பாலக் கூட்டு.

இப்படி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொரு "பேடா." நான் மனசுக்குள் மகிழ்ந்து, வெளியே உச்சுக்கொட்டி, நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மனைவி தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"நீங்க கேமரா வாங்கற வரைக்கும் கடல் காத்திட்டு இருக்கும். எனக்கு அறுபது ஆயிடும். முருடேஸ்வரத்துல புக் பண்ணிட்டேன். ரெண்டு பேருக்கும்."

அங்கிருந்து படகில் போனால் கடலுக்குள் ஒரு தீவு. அதன் ஓரத்தில்தான் இறக்குவார்கள். தேதி குறித்தாயிற்று. என் நாடகத்தின் முதல் பாதி அன்றோடு முடிந்தது. இனி எனக்கு நிஜமாகவே கேமரா வேண்டும், உடனே வேண்டும், என் பயத்தை எங்கேயாவது மாட்டிவைத்தாக வேண்டும். எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்லுங்கள் என்றேன். அவர் நிதானமாக, "அவசரப்பட்டு வாங்கினா பேடா சார்" என்றார். இந்த மனிதரை நான் தேர்ந்தெடுத்ததே சரி சொல்ல மாட்டார் என்றுதான். ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, லிஃப்டுக்குக் காத்திராமல் மாடிப்படியிலேயே ஓடி இறங்கியிருப்பேன்.

கடைசியில் அவரே ஒன்று பிடித்தார். பழைய மாடல் சதுரக் கேமரா, கெட்டிக் கூட்டோடு, கைமாறி வந்தது. எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலை. வாரண்டி என்ற பேச்சே கிடையாது. "பொய் சொல்லாத கேமரா இது ஒண்ணுதான் சார்" என்றார். "எதையும் ப்ராமிஸ் பண்ணல."

கூட்டின் கதவைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று. தண்ணீரைத் தடுப்பது அது மட்டும்தான். அதில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் அந்த வழியே கடல் உள்ளே வந்துவிடும் என்றார். பூதக்கண்ணாடியால் பார்த்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். பாதி நரைத்த முடி.

"இது உங்களுது சார்."

என் தலையில் மிச்சமிருப்பதே கொஞ்சம். அதிலும் ஒன்று போய் என்னைக் கொல்லப் பார்த்திருக்கிறது. பரிகாரமாக அன்று மாலை அந்த வளையத்துக்கு நான் நல்லெண்ணத்தோடு தேங்காயெண்ணெய் தடவி வைத்தேன். மறுநாள் அவர் அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"ரப்பர் ஊறிப்போயிடும். இது தலை இல்ல சார், சீல்."

புது வளையம் வாங்கி, அதற்கென்றே உள்ள சிலிக்கான் பசையைப் பொட்டு வைக்கிற அளவுக்குத் தொட்டுத் தடவினார். உள்ளே ஆவி படியாமல் இருக்க மாத்திரை டப்பாவில் வருகிற சின்னப் பொட்டலம் ஒன்றைப் போட்டார். பிறகு கேமராவை எடுத்துவிட்டு, வெறும் கூட்டுக்குள் டிஷ்யூ பேப்பரை வைத்து மூடி, வாளியில் அமுக்கினார். பேப்பர் காய்ந்தே வந்தது. முடிந்தது என்று நான் எழுந்தேன்.

"வாளி ஒரு அடி. நீங்க இறங்கப் போறது பத்து, பன்னெண்டு மீட்டர். அவ்வளவு ஆழத்துல பாக்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

மைசூரில் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கு எங்கே போவது? காவிரியில் இறங்க விடமாட்டார்கள். நீச்சல்குளம் நெஞ்சளவு. கடைசியில் கொள்ளேகால், ஹனூர் தாண்டி மார்டள்ளிக்குப் போனோம். தமிழ்க்காரர்கள் ஊர். அங்கே ஒரு விவசாயி அம்மாவின் மோட்டார் கெட்டபோது இவர்தான் சர்வே செய்தவர்; அவர் தோட்டத்துக் கிணறு ஆழம் என்று ஞாபகம் வைத்திருந்தார். கடலில் முங்குவதற்காக மைசூரிலிருந்து கிழக்கே, கடலுக்கு நேர் எதிர்த்திசையில் கார் ஓட்டிய தம்பதியர் எங்களுக்கு முன்னால் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். என் மனைவி பின்சீட்டில் வாயைத் துணியால் மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள்.

கூடு மிதக்கும் என்பதால் வலைப்பையில் கல்லோடு கட்டி, கயிற்றில் இறக்கினார். அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, என்னத்தை உள்ள போடுறீங்க?"

"கேமரா டப்பாங்கம்மா. தண்ணி போகுதான்னு பாக்கறோம்."

"போச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"வாங்க மாட்டோம்."

"வாங்கிட்டுத்தானுங்களே வந்திருக்கீங்க."

அவர் கயிற்றின் முடிச்சை மறுபடி சரிபார்க்க ஆரம்பித்தார். அவரையும் ஒருவர் வாயடைக்க வைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "அதைக் கையில புடிச்சுட்டுக் கடலுக்குள்ள எறங்கறது நீங்களுங்களா?"

"ஆமாங்க."

மேலும் கீழும் பார்த்தார். "டப்பாவுக்கு மட்டுந்தான் கவுறுங்களா? இவரையும் ஒருக்கா எறக்கிப் பாத்துருலாமுங்களே."

மனைவி கிணற்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள், சிரித்து முடியாமல். நான் கிணற்றைப் பார்த்தேன். கயிறு போய்க்கொண்டே இருந்தது. கறுப்புத் தண்ணீர் கூட்டை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதது மாதிரி படுத்திருந்தது. நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன். மரத்தின் கிளையைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டேன். கூடு மேலே வந்தது. பேப்பர் காய்ந்திருந்தது. அவர் அதை மூக்கில் வைத்து, கன்னத்தில் ஒற்றி, அப்புறம் சொன்னார்: "சரி."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல்தடவை. எனக்கு அழுகை வந்தது. காரணம் அவர் நினைத்தது அல்ல: கடலில் இறங்காமல் தப்ப இனி ஒரு சாக்கும் மிச்சமில்லை.

மனைவி அவரையும் முருடேஸ்வரத்துக்கு அழைத்தாள். வந்தார். சோதித்த பொருள் வேலை செய்கிறதா என்று நேரில் பார்க்காமல் விட அவருக்கு மனசு வராது. கரையில் உடல்நிலை பற்றிக் கேட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். காதில் ஒருகாலத்தில் ஆபரேஷன் நடந்ததென்று அவர் எழுதினார். உங்களை இறக்க முடியாது, படகில் வேண்டுமானால் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அட, இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று நான் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "எனக்குக்கூட ஏறும்போது இறங்கும்போது கொஞ்சம் மூச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"இல்ல" என்றார் அவர் பக்கத்திலிருந்து. "லிஃப்ட் ரிப்பேர் ஆனப்ப காஸ் சிலிண்டரைத் தூக்கிட்டு மாடி ஏறினார். பாட்டு பாடிட்டே ஏறினார். நான் பாத்தேன்."

காஸ் சிலிண்டர் காலிதான் என்று நான் சொல்லவில்லை. யார் கேட்டார்கள் இவரை? காதில் ஆபரேஷன் செய்தவர் காதோடு இருக்க வேண்டியதுதானே.

படகு தீவின் ஓரத்தில் நின்றது. முதுகில் சிலிண்டர், இடுப்பில் அமிழ்வதற்கான ஈயக்கட்டி, காலில் வாத்து மாதிரி துடுப்பு. மனைவி விளிம்பில் உட்கார்ந்து, முகமூடியைக் கையால் அமுக்கிக்கொண்டு, மல்லாக்கச் சாய்ந்து போய்விட்டாள். தண்ணீருக்கு மேலே வந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "வாங்க" என்றாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை. நான் வரவில்லையென்றால் அந்த முகம் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. கேமராவின் பட்டையை மணிக்கட்டில் இறுக்கினேன். ஆச்சரியமாக, நானாகவே விளிம்புக்கு நகர்ந்தேன். என் கொள்கை வேலை செய்ய ஆரம்பித்தது.

தண்ணீருக்குள் இருந்த பயிற்சியாளர் அந்தப் பட்டையைப் பார்த்தார். முதல் தடவை இறங்குகிறவர் கையில் கேமரா கூடாது, அதைக் கழற்றிப் படகில் வையுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார்.

எதிர் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "கூடு நாப்பது மீட்டர் தாங்கும். கெணத்துல இறக்கிப் பாத்தாச்சு."

"கேமராவுக்கு ஒண்ணும் ஆகாது சார். நான் இவரைச் சொல்றேன். அதையே பாத்துட்டு மூச்சு விட மறந்துடுவாங்க. எனக்கு இவரோட ரெண்டு கையும் வேணும்."

இத்தனை மாதம், இத்தனை கடை, ஒரு கிணறு. எனக்கு வந்த கோபத்தில் பயமே ஒரு நிமிடம் வழிவிட்டது. மனைவி அந்தப் பக்கம் திரும்பித் தண்ணீருக்குள் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவைக் கழற்றி எதிர் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். பிறகு இதை முன்பே சொல்லியிருக்க வேண்டாமா, விளம்பரத்தில் போட்டிருக்க வேண்டாமா, நாங்கள் என்ன இளிச்சவாயர்களா என்று நியாயம் கேட்பதற்காக எழுந்து நின்றேன்.

அதற்கப்புறம் வாய் முழுக்க உப்பு. வானமும் படகின் அடிப்பக்கமும் இடம் மாறி மாறி வந்தன. பயிற்சியாளரின் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. "ஆராம், சார், ஆராம்" என்று, பதறாதே என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வாயில் மூச்சுக்குழாயை வைத்தார். நான் அதைக் கடித்த கடியில் அடுத்தவர் யாரும் அதைப் பயன்படுத்தியிருக்க முடியாது. அவருடைய முன்கையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். இறங்கினோம். பவளப் பாறைமேல் மஞ்சள் கோடு போட்ட மீன்கள் கூட்டமாக என்னைச் சுற்றிக்கொண்டு போயின. யாரும் என்னைப் படம் எடுக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் மனைவி மிதந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், எல்லாம் சரிதானே என்று இரண்டு விரலை வட்டமாக்கிக் காட்டினாள். திருப்பிக் காட்ட ஒரு கையை விட வேண்டியிருந்தது. விட்டேன்.

படகில் ஏறியதும் தலை துவட்டிக்கொண்டே கேட்டாள். "நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள நீங்க தண்ணியில இருந்தீங்க. யாரும் தள்ளலயே? நீங்களாவா குதிச்சீங்க?"

நான் இருமினேன். அவள் என்னிடம் பதில் எதிர்பார்க்கவும் இல்லை. எதிர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார். இவர் குதிச்சாரா?"

அவர் நனையாத கேமராவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"குதிச்சார், மேடம். நான் பாத்தேன்."

அவள் அதை இன்றுவரை சொந்தக்காரர்கள் வீட்டிலெல்லாம் சொல்கிறாள். யாராவது நம்பாமல் சிரித்தால், பார்த்தவர் ஓசூரில் இருக்கிறார், போன் போட்டுக் கேளுங்கள் என்கிறாள்.

நான் குதிக்கவில்லை. துடுப்புக்கால் வழுக்கி விழுந்தேன்.